பச்சை ஒயர்

என் சமையலறை இழுப்பறையில், தீப்பெட்டிகளுக்கு அடியில், ஒரு சாண் நீளப் பச்சை ஒயர் கிடக்கிறது. ஒரு முனையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். தூக்கிப் போட்டுவிடலாம் என்று பலமுறை எடுத்திருக்கிறேன். பிறகு அங்கேயே வைத்துவிடுவேன். அந்த டேப்பைச் சுற்றியவர் என் கொழுந்தனார்.

ஓசூர் வேலையை விட்டுவிட்டு மொரப்பூருக்கு வந்தவர், எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில், மரத்தில் பூ வேலை செதுக்கும் சிறிய சிஎன்சி மெஷினைத் தானே கட்டினார். செதுக்கும் முனையைச் சுழற்றும் மோட்டாருக்கு ஸ்பிண்டில் என்று பெயர். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியை, ஆன்லைனில் கிடைத்ததிலேயே மலிவானதாகப் பார்த்து வாங்கினார். ஸ்பிண்டில் சூடாகாமலிருக்க, ஒரு பக்கெட்டிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் அதற்குள் போய்ச் சுற்றித் திரும்பும். முதல் பூஜை அறைக் கதவில் மயில் ஒன்று தோகை விரித்து எழுந்தபோது, மாமியார் அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

ஆனால் ஸ்பிண்டில் ஓடத் தொடங்கினாலே, கரண்டு கசிந்தால் தானாக அணையும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். கிரைண்டரில் மாவு பாதியில் நிற்கும். "டேய், உம் மயிலு ஆடறதுக்கு எங்க வூடு இருட்டாவணுமா?" என்று மாமியார் சத்தம் போடுவார். மோட்டாரையும் ஒயர்களையும் மாற்றிப் பார்த்த கொழுந்தனார், கடைசியில் டிரைவ் பெட்டியிலிருந்து கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒயரைக் கழற்றினால் சுவிட்ச் விழுவதில்லை என்று கண்டுபிடித்தார். அந்தப் பச்சை ஒயரை வெட்டி, டேப் சுற்றித் தொங்கவிட்டார். வீடு அமைதியானது. எல்லோருக்கும் நிம்மதி.

எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது. மெஷினைத் துடைத்தபோது விரலில் எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. சொன்னேன். "அண்ணி பரிட்சைக்குப் படிச்ச கரண்டு வேற, இது வேறங்க" என்று சிரித்தார். கணவரிடமும் சொன்னேன். "அவனுக்குத் தெரியாததா?" என்றார். இயற்பியல் பட்டம் வாங்கியவள்தான் நான். ஆனாலும் ஒரு ஃப்யூஸ் கூடப் போட்டதில்லை. என் பயம் படிப்பிலிருந்து வருகிறதா, சுபாவத்திலிருந்து வருகிறதா என்று எனக்கே விளங்கவில்லை. மகளை மட்டும் ஷெட் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மழை நாள் மத்தியானம், துணி எடுக்க மாடிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் அங்கே இருந்தாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, பக்கெட்டில் கை விட்டு எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, தண்ணி கடிக்குது."

"ஒகேனக்கல் மீனு எதாச்சும் வந்துருச்சா பாப்பா?" என்று மாமியார் சிரித்தார். கொழுந்தனார் சிரிக்கவில்லை. ஓடிப் போய் மெயினை அணைத்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவர் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்து, தன் உள்ளங்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே புதுப் பச்சை ஒயரால் எர்த்தைச் சேர்த்தார். டேப் சுற்றிய பழைய துண்டைத் தரையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். சுவிட்ச் மறுபடி விழ ஆரம்பித்தது. சில வாரங்களில் மெஷினைக் கடத்தூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, ஓசூருக்கே திரும்பிப் போனார். வண்டியில் ஏற்றும்போது பச்சை ஒயரைத் தொட்டுக் காட்டி, "ட்ரிப் ஆனாலும் பரவால்ல, இத மட்டும் கழட்டிராதீங்க" என்று சொன்னார். நானும் சொன்னேன். கடத்தூர்க்காரர் தலையாட்டினார்.

நேற்று அந்தக் கடத்தூர்க்காரர் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, தம்பி நம்பர் கிடைக்கல, நீங்களே சொல்லிருங்க. ட்ரிப் ஆவுறது நின்னுபோச்சு. மெஷினு அருமையா ஓடுது." அவர் குரலுக்குப் பின்னால் ஸ்பிண்டிலின் கீச்சொலி விடாமல் கேட்டது.

"அந்தப் பச்சை ஒயர் இருக்குதுங்களா?"

"அத எடுத்ததாலதாங்க்கா நின்னுச்சு."

மெஷினை அணைக்கச் சொன்னேன். தண்ணீரில் யாரும் கை வைக்க வேண்டாம் என்றேன். "நாலு நாளா ஓடுது, ஒன்னும் ஆவலியேக்கா" என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஓடியது. அதைச் சொல்வதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

கொழுந்தனாரைப் போனில் பிடித்துச் சொன்னதும், "நான் கடத்தூருக்குக் கிளம்பிட்டேன் அண்ணி" என்று மட்டும் சொன்னார். இன்று காலையிலிருந்து மழை. அவரும் இன்னும் கூப்பிடவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒயரை எடுத்தேன். டேப்பின் பசை இளகி விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.