தலையணையில் ஒரு மைக்

பட்டறையிலிருந்து வீட்டுக்குள் நுழையுமுன் ஒட்டுநாடாவை ஒரு முழம் கிழித்து, பசைப் பக்கத்தை இரண்டு முன்கைகளிலும் சட்டை மடிப்பிலும் அழுத்தி அழுத்தி எடுக்கிறார். பிறகு அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். கண்ணாடி இழைத் துணுக்கு ஒன்றிரண்டு மின்னும். தலைமுடியைவிட மெல்லிசு, தோலில் ஏறினால் எளிதில் எடுக்க முடியாது. தானாகப் புரண்டு படுக்க முடியாத ஒருத்தியின் விரிப்பில் அது விழக் கூடாது. ஆகவே ஒரு நாளைக்கு இருபது தடவை இந்த வேலை.

இசைக் குழுக்களில் அவருக்குப் பெயர் காதுக்காரர். மேடையில் பாடுகிறவர்களின் காதுக்குள் செருகியிருக்கும் குட்டி ஒலிபெருக்கியில் எது கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்று மேடை ஓரத்தில் நின்று தீர்மானிக்கிறவர். ஒருத்தருக்குத் தாளம் தூக்கலாக இருக்க வேண்டும். இன்னொருத்தருக்குத் தன் குரலைத் தவிர வேறெதுவும் ஆகாது. ஐம்பத்தெட்டு வயது. ஒல்லி. யார் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், தரையைப் பார்த்துத்தான் கேட்பார். அவர் வாயிலிருந்து வரும் பாராட்டு ஒன்றே ஒன்று: "சுத்தமா இருக்கு."

மனைவிக்குத் தசைகள் செயலிழக்கத் தொடங்கி நான்கு வருடம். முதலில் கால், பிறகு கை, அப்புறம் குரல். வாய் இருந்த காலத்தில் சும்மா இருந்தவள் இல்லை. "ஊருக்கெல்லாம் காது கொடுக்கிற மனுஷன், நான் கூப்பிட்டா மட்டும் செவிடு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள். "நீ மைக்ல பேசு, கேக்கும்" என்பார் அவர்.

கடைசியில் அதையே செய்தார். நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில், ஒலியை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள்களைப் பழுது பார்க்க உட்கார்ந்தார். அவள் தலையணையில் ஒரு மைக்கைப் பொருத்தினார். செம்புக் கம்பி என்றால் பக்கத்து மின்சாரத்தின் ரீங்காரமும் சேர்ந்து வரும் என்று, முற்றத்தைத் தாண்டிப் பட்டறைவரை கண்ணாடி இழையே இழுத்தார். மறுமுனையில் ஒலியை வாங்கும் கருவியை வைத்து, அதன் கேட்பானைத் தன் காதில் செருகிக்கொண்டார். அவள் முனகினால் முப்பதே தப்படியில் பக்கத்தில் நிற்பார். சளி உறிஞ்சும் குழாயை விடுவதில் நர்ஸுகளுக்கே பாடம் எடுக்கலாம். அவ்வளவு நிதானமான கை.

தொழில் புத்திதான் சும்மா இருக்கவில்லை. மின்விசிறி, தண்ணீர்க் குழாய், தெருவில் போகிற வண்டி எல்லாம் காதில் விழுந்தன. மேடையில் செய்வதை இங்கேயும் செய்தார்: ஓர் அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டிவிடும்படி கருவியைத் திருகி வைத்தார். அவள் முனகல் கேட்டது, மற்ற நேரம் அமைதி. "சுத்தமா இருக்கு" என்றார்.

நான்கு மாதம் சுத்தமாகவே இருந்தது. அவள் குரல் மட்டும் வாரத்துக்கு வாரம் தேய்ந்தது. திருகியதை அவர் திரும்பப் பார்க்கவில்லை.

ஒரு மதியம் பன்னிரண்டு இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். அசையாமல் இருந்து செய்கிற வேலை. காதில் ஒரு சத்தமும் இல்லை. இன்றைக்கு நன்றாகத் தூங்குகிறாள் என்று அவருக்குச் சந்தோஷம்கூட. திடீரென்று, அவள் அறைக்குள் வந்த மனைவியின் அக்கா காதுக்குள் அலறினாள்: "மாப்பிள்ளை! ஓடி வாங்க! உதடெல்லாம் நீலமாயிடுச்சு!" ஒரு மணி நேரத்தில் அந்தக் கருவி உள்ளே விட்ட முதல் சத்தம் அதுதான்.

உயிர் மிஞ்சியது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மிச்சமிருந்த முனகலும் அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரி நடையில் அக்கா கேட்டாள். "காதுல மாட்டிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"மாட்டிக்கிட்டுத்தான் இருந்தேன் அக்கா."

"அவ கூப்பிடாமலா இருந்திருப்பா?"

"கூப்பிட்டிருப்பா. இரைச்சல்னு நெனச்சு வெட்டி வெச்சிருந்தேன். அவளையும் சேத்து வெட்டியிருக்கேன்."

 

இப்போது எதையும் வெட்டுவதில்லை. மின்விசிறி, வண்டி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் நாள் முழுக்கக் காதில் இரைகின்றன. அதற்கு அடியில் எங்கேயோ, குழாய் வழியாகப் போய் வரும் மூச்சு. சாப்பிடும்போதும் காதிலிருந்து எடுப்பதில்லை. காதுமடல் புண்ணாகிவிட்டது. பஞ்சு வைத்துச் செருகுகிறார்.

போன வாரம் பழைய குழுவின் பாடகி பட்டறைக்கே வந்துவிட்டாள். "அண்ணே, பெரிய மேடை. புதுசா வந்திருக்கிற ஆளு காதுல கரகரன்னு கொடுக்கறாரு. என் சுருதியே எனக்குக் கேக்கல. ரெண்டே நாள், வாங்கண்ணே."

"போயிட்டு வாங்களேன் மாப்பிள்ளை" என்றாள் தேநீர் கொண்டுவந்த அக்கா. "நான் பாத்துக்கறேன். இன்னும் அசையற அந்த ஒரு விரல்கிட்ட பொத்தான் இருக்கு. அமுக்கினா மணி அடிக்கப் போகுது."

"அமுக்க முடியாதப்ப?"

பாடகி விடுகிறவள் இல்லை. "அப்படியே இருந்தா உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்? நீங்க படுத்துட்டா அவங்களை யாரு..."

அவர் ஆட்காட்டி விரலைத் தூக்கினார்.

பாடகி பாதியில் நின்றாள். அக்கா தேநீர்க் குவளையை மேசைக்கு ஒரு சாண் மேலே அப்படியே பிடித்துக்கொண்டாள். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார்; அவருடைய மார்பும் அசையவில்லை. இன்னொரு கை மேசையில் தடவி ஒட்டுநாடாவைத் தேடி எடுத்தது, ஒரு முழம் கிழித்தது.

பிறகு குழாய் வழி மூச்சு மறுபடி காதில் கேட்டது; விரல் மெல்ல இறங்கியது. கிழித்த நாடாவை மேசை விளிம்பில் ஒட்டி வைத்தார், அடுத்த தடவைக்கு.