வீஸ்பாடன் தண்ணீரும் ஸ்ரீஸ்கந்தராசாவின் முழங்காலும்

எங்கள் கட்டிடத்து லிஃப்டில் ஸ்ரீஸ்கந்தராசா அங்கிளோடு ஏறினால் ஏழாம் மாடி வருவதற்குள் ஜெர்மனிக்குப் போய் வந்துவிடலாம். கனடாவுக்கு வருமுன், 1986இல், பதினொரு மாதம் வீஸ்பாடன் நகரில் அகதியாக இருந்தவர். அந்த நகரத்தின் நடுவில் ஒரு வெந்நீர் ஊற்று ஆவி பறக்கக் கொட்டுகிறது. உப்பும் இரும்பும் கலந்த தண்ணீர். குடித்தால், குளித்தால் மூட்டுவலி போகும் என்று பணக்காரர்கள் தேடி வருவார்கள். அங்கிள் சும்மா நின்று குடித்தார்.

பிறகு ஸ்காபரோவில் கதவு செய்யும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் நின்றபடி வேலை செய்தார். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அதைப் பற்றியெல்லாம் பேசமாட்டார். கல்யாண வீட்டில் யாராவது போத்தல் தண்ணீரை நீட்டினால் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்.

"உது ஈரம். தண்ணியில்லை."

இந்த வருடம் வலது முழங்கால் மடங்க மறுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறார். ஒரு வருடம் காத்திருந்து ஒப்பரேஷனுக்குத் தேதி கிடைத்தது: செவ்வாய்க்கிழமை காலை. அதை விட்டால் இன்னும் ஒரு வருடம் சுவர்தான். ஆனால் அங்கிளுக்குக் கத்தியென்றால் பயம். பயம் என்று சொல்லாமல், "வீஸ்பாடன் தண்ணி நாளுக்கு ஒரு மிடறு குடிச்சாப் போதும்" என்றார்.

"அதைக் குடிக்கேக்க உங்களுக்கு இருபத்தேழு வயசு," என்றார் அவருடைய மனைவி யோகராணி அன்ரி. "அந்த வயசில குட்டைத் தண்ணி குடிச்சாலும் முழங்கால் மடங்கும்."

நான் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் ஊர் சுற்றிய கடைசி வாரம் அது. பெர்லினிலிருந்து திரும்புகிறேன் என்று அம்மா லிஃப்டில் அங்கிளிடம் உளறியிருக்கிறார். அரை மணி நேரத்தில் அங்கிள் அழைத்தார். "பிள்ளை, ஒரே ஒரு போத்தல்."

வீஸ்பாடனுக்கு ரயிலேறிப் போனேன். முதலில் பிடித்த பிளாஸ்டிக் போத்தல் சூட்டில் வளைந்து சுருண்டது. கண்ணாடிப் போத்தல் வாங்கி நிரப்பி, காலுறைகளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை கொடுக்கப் போனபோது அங்கிள் கோயிலில். அதற்குள் தண்ணீர் மஞ்சளாகி, அடியில் துரு படிந்திருந்தது. அன்ரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படியே சமையலறைக்குள் கொண்டுபோனார்.

போத்தலை எல்லார் முன்னாலும் திறக்கவென்று ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு என்னையும் தன் நண்பர் நவரட்ணத்தையும் அங்கிள் கூப்பிட்டிருந்தார். நவரட்ணம் முப்பது வருடமாக இந்தத் தண்ணீர்க் கதையை நம்பாதவர்.

"ராணி, சோத்துக்கு உப்பை அள்ளிக் கொட்டிப்போட்டீர்," என்றார் அங்கிள், இரண்டாம் தரம் போட்டுக்கொண்டே.

"உப்பு இருக்கட்டும். உந்தத் தண்ணியை உன்னால கண்டுபிடிக்கேலுமோ?" என்று நவரட்ணம் சீண்டினார்.

"என்னடா கதைக்கிறாய்? நூறு தண்ணிக்குள்ள வை. கண்ணைக் கட்டிவிடு. நாக்கில பட்டவுடன சொல்லுவன்."

அன்ரி அகப்பையைக் கீழே வைத்தார். "சொல்லாட்டி?"

"சொல்லாட்டிச் செவ்வாய்க்கிழமை வாய் திறக்காமல் காரில ஏறுறன். சொன்னால் ஒப்பரேஷன் இல்லை."

"பிள்ளை, நீ சாட்சி," என்றார் அன்ரி என்னிடம்.

"ஓம், அவள் சாட்சி. போத்தலைக் கொண்டாரும்."

"எங்க இருக்குப் போத்தல்? அதைத்தானே இவ்வளவு நேரமும் சாப்பிட்டனீங்கள்."

அங்கிளின் கை சோற்றிலேயே நின்றது.

"நிறத்தைப் பார்த்தன். உதைப் பச்சையாக் குடிச்சா வயித்தாலை போகும். வெளித்தண்ணியை நான் எப்ப கொதிக்க வைக்காமல் குடுத்தனான்? துணியில வடிச்சு, நல்லாக் கொதிக்கவிட்டு, அதிலயே உலை வைச்சன். குணம் எங்க போகும், சோத்துக்குள்ளதானே கிடக்கும்? அதில ஏற்கெனவே உப்பிருக்கெண்டு எனக்கென்ன தெரியும், வழமைபோலப் போட்டன்."

நவரட்ணம் சிரித்துச் சிரித்து இருமினார். "ஸ்கந்தா, கண்ணைக் கட்டாமலே தோத்திட்டாயடா!"

"சோறாக்கினால் ருசி மாறும்," என்று அங்கிள் முணுமுணுத்தார். ஒருவரும் கேட்கவில்லை. மேசையில் கையூன்றி எழும்ப முயன்றார். முழங்கால் வழமைபோலவே மறுத்தது. மெல்லத் திரும்ப உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு நான்தான் காரோட்டினேன். சொன்ன சொல்லுக்கு அங்கிள் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தாதி படிவத்தோடு வந்து, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார். அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு," என்றார் ஆங்கிலத்தில்.

தாதியின் பேனா நின்றது. "நேத்திரவு ஒன்பது மணிக்கு. பைப் தண்ணி," என்று அன்ரி திருத்தினார்.

கட்டிலைத் தள்ளத் தொடங்கியபோது அங்கிள் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, அங்க இப்பவும் அப்பிடியே கொட்டுதோ?"

"ஓம் அங்கிள்."

"அதே சூடோ?"

"முதல் போத்தல் வளைஞ்சு சுருண்டு போச்சு."

"பார்த்தியோ ராணி!" என்றார் சத்தமாக. கதவு மூடும்வரை, வீஸ்பாடனில் வளைந்த போத்தலைப் பற்றி அவர் தாதிக்குச் சொல்லிக்கொண்டு போவது கேட்டது.