தெற்கே போகாத குதிரைகள்

ஒராஸ் இறந்து ஓராண்டு நிறைந்த விருந்துக்கு நாலு ஊர் உறவும் வந்திருந்தது. இறைச்சித் தட்டுகள் காலியாகித் தேநீர் சுற்றில் வந்தபோது, வெளியே காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கத் தொடங்கியது. அப்புறம் கேட்கவா வேண்டும்? குதிரை மேய்த்து வாழ்ந்த புல்வெளிக்காரர்களின் பேச்சு, யார் பார்த்த குளிர் பெரிது என்பதற்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது.

"எங்க பக்கம் அந்த வருஷம் துப்புனா கல்லாத்தான் விழும்," என்றார் பல்லில்லாத சாபார் கிழவர்.

"உங்க பொய்யும் கூடவே உறைஞ்சிருந்தா நாங்க தப்பிச்சிருப்போம் மாமா," என்றாள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜனார். ஒராஸின் ஒரே மகள் அவள். வாய் கொஞ்சம் நீளம். எல்லோரும் சிரித்தார்கள்.

சாபார் விடவில்லை. "உங்கம்மாவக் கேளு. நீ பொறந்த ஜூத் வருஷம் ஆத்தங்கரைக் குளிர்காலக் கொட்டடில கிடந்தவ அவதான். சொல்லு கம்ஷாத்."

"சொல்ல என்ன இருக்கு? குளுந்துச்சு," என்று கம்ஷாத் எழுந்து, காலிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் தை மாதத்தில் திடீரென்று வெயில் காய்ந்து, பனிமேல் மழை பெய்தது. மறுநாளே குளிர் திரும்பி, புல்வெளி முழுக்கக் கண்ணாடிபோல இறுகிவிட்டது. அதைத்தான் ஜூத் என்பார்கள். எத்தனை ஆழப் பனியானாலும் குதிரை குளம்பால் தோண்டிப் புல்லைத் தின்றுவிடும்; பனிக்கட்டியை அதால் தோண்ட முடியாது. ஒராஸின் குதிரைகள் தோண்டித் தோண்டி முன்னங்கால்கள் கிழிந்து, சிவப்புத் தடம் பதித்தபடி வீடு திரும்பின. கையிருப்பு வைக்கோல் ஆடுகளுக்கே போதாது.

பக்கத்துக் கொட்டடியிலிருந்த தோக்தார் தன் குதிரைகளைத் தெற்கே மணற்காட்டுக்கு ஓட்டிப்போகப் புறப்பட்டான். அங்கே மழை பெய்யவில்லையாம். ஒராஸையும் கூப்பிட்டான். வேலியோரம் அவனோடு பேசிவிட்டு ஒராஸ் உள்ளே வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"போகட்டுமா?"

கம்ஷாத்துக்கு அப்போது நிறைமாதம். "போகாதீங்க," என்றாள். அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் கூரை நாணலைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார். குதிரைகள் பசி தாளாமல் ஒன்றின் பிடரி மயிரை ஒன்று தின்றன. சாம்பல் நிற ஆண்குதிரை கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றபடியே செத்தது. ஒன்றும் மிஞ்சவில்லை. தோக்தார் பாதிக் குதிரைகளோடும், குளிரில் போன கால்விரல்கள் இல்லாமலும் திரும்பி வந்தான். அதற்குள் ஜனார் பிறந்திருந்தாள்.

வசந்தத்தில் ஒராஸ் குடும்பத்தோடு பட்டணத்துக்கு வந்து, பள்ளிக்கூடக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலையில் சேர்ந்தார். கடைசிவரை குதிரை ஏறவில்லை. கம்ஷாத்தை ஒரு வார்த்தை குறை சொன்னதுமில்லை. அதுதான் அவளை அரித்தது. தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் வந்தால் எழுந்துபோய் அணைத்துவிடுவாள். அவர் காதில் விழ, குதிரை என்ற சொல்லையே சொல்லமாட்டாள்.

அடுப்படி வாசலில் நிழல் தட்டியது. விருந்துக்கு வந்திருந்த தோக்தார், இப்போது கிழவர், நொண்டிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணி, அவர் இருக்கிறப்பவே இதச் சொல்லியிருக்கணும். சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"என்னது?"

"அன்னிக்கு வேலிகிட்டயே வரலைன்னுட்டாரு. சின்னப் பையனா இருக்கிறப்ப அவங்க அண்ணன் அந்த வழிலதான் பனிப்புயல்ல செத்தாராம், இவர் கண்ணு முன்னாடி. 'காலு நடுங்குதுடா தோக்தார், என்னால முடியாது'ன்னாரு. அப்புறந்தான் உள்ள வந்து உங்கள்ட்ட கேட்டாரு. நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு அவருக்குத் தெரியும்."

கம்ஷாத் கையிலிருந்த கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தாள். "நான் தடுத்ததாலதான் எல்லாம் போச்சுன்னு இத்தனை வருஷம் நினைச்சிட்டிருந்தேன் தம்பி."

"அவரும் ஒண்ணு நினைச்சிட்டிருந்தாரு. அவர் பயந்தது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அந்த வெறுப்புலதான் நீங்க குதிரைப் பேச்சே எடுக்கிறதில்லைன்னு. 'சொல்லித் தொலைங்கண்ணே'ன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன். 'சொல்றேன், சொல்றேன்'னே போய்ட்டாரு."

"பயந்தா என்ன? நான் மட்டும் பயப்படலியா? பயந்துதானே போகாதீங்கன்னேன்." அவள் குரல் இறங்கியது. "நான் ஒருதடவ வாயத் திறந்து கேட்டிருக்கலாம். நீ ஒருத்தன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

 அவளும் ஒராஸும் ஒரே மேசையில் ஆயிரக்கணக்கான வேளை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். உப்பைத் தள்ளு, ரொட்டியை எடு என்று பேசியிருக்கிறார்கள். சாகக் கிடந்தபோதுகூட அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஆரம்பித்தார். களைத்துப்போவீர்கள், தூங்குங்கள் என்று இவள்தான் போர்வையை இழுத்துவிட்டாள். அதை நினைத்து அவள் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். சாபாரின் குளிர் இன்னும் முடிந்தபாடில்லை.

"நகருங்க மாமா, நான் சொல்றேன்," என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மழையிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு குதிரையையும் அதன் நிறம் சொல்லி, குணம் சொல்லிச் சொன்னாள். தாய் வாயிலிருந்து அந்தக் கதையை அதுவரை கேட்டிராத ஜனார், கையிலிருந்த தேநீரை ஊற்ற மறந்து நின்றாள்.

"அப்பா ஏம்மா தெற்கே ஓட்டிட்டுப் போகல?"

பின்னாலேயே வந்து கூடத்து வாசலில் நின்ற தோக்தாரைக் கம்ஷாத் பார்க்கவில்லை.

"அவர் மேலங்கியெல்லாம் போட்டுக்கிட்டுக் கிளம்பி நின்னாரு. நீ வயித்துல இருந்தே. நான்தான் விடல," என்றாள்.