செவ்வாய்க்கிழமையில் பொன் உருக்கிய புவனா அக்கா

தொலைபேசி அடித்தபோது என் கையில் யாரோ ஒருவருடைய மேல்தாடை இருந்தது. பயப்பட வேண்டாம், பிளாஸ்டர் தாடை. நான் சுவிஸில், பேர்ண் நகரில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். செயற்கைப் பல் செய்வது என் தொழில். திரையில் புவனா அக்காவின் மகள் ஆரணியின் பெயரைக் கண்டதும் தாடையை மேசையில் வைத்தேன். வேலை நேரத்தில் அந்தப் பிள்ளை ஒருநாளும் எடுத்ததில்லை. "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். இருதயம். காலமை எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். நான் மேலாளரிடம் சொல்லிவிட்டு, வெள்ளை மேலங்கியைக் கழற்றவும் மறந்து, அவர்கள் வீடு இருக்கும் பூம்ப்ளிஸுக்கு ட்ராம் ஏறினேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று ஆரணி கேட்டாள். புவனா அக்காவை உங்களுக்குத் தெரியும். கோயில் மடைப்பள்ளியில் அவரோடு நின்று மரக்கறி வெட்டியவர்களுக்கும், அவரிடம் "இது வெட்டினதோ, கடிச்சதோ?" என்று பேச்சு வாங்கியவர்களுக்கும் நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவர் எங்கே போனார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. நீரிழிவு வகுப்புக்குப் போகிறார் என்று ஒரு கதை உலாவியதும் எனக்குத் தெரியும். அவர் போனது நகை செய்யப் பழக. உலோகம் அறுக்க, உருக்க, எனாமல் சுட.

அங்கேதான் நான் அவரைச் சந்தித்தேன். நான் அந்த வகுப்பில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. என்னவர் போன பிறகு மாலை வேளைகளில் வீடு பிடிக்கவில்லை. புவனா அக்காவும் என்னைப் போலத் துணையை இழந்தவர், ஆனால் அவர் பொழுதுபோக்க வரவில்லை. முதல் நாளே என் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, "தமிழ்தானே?" என்றார். ஓம் என்றேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் ஜெர்மன் பேசுகிறவர்கள். "நல்லதாப் போச்சு. டொச்சில சிரிச்சுச் சிரிச்சு வாய் நோகுது" என்றார். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது, கழுத்துக்கு ஒரு பதக்கம் செய்ய வேண்டும் என்றார். கடையில் வாங்கலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சுடுகிறது.

"நீரும் என்னை மாதிரித்தானே, உமக்கு விளங்க வேணும். கலியாணத்தில எனக்கு ஒரு வேலையும் இல்லைப் பிள்ளை. தாரை வார்க்கிறது அண்ணையும் அண்ணியும். ஆலாத்தி எடுக்கிறது வேற ஆக்கள். பொன்னுருக்கலுக்கு நான் போகவே ஏலாது. பெத்தவள் பின்வரிசையில நிண்டு பாக்க வேண்டியதுதான். அப்ப என்ர கையால செய்த ஏதோ ஒண்டாவது மணவறைக்குப் போகட்டும்."

அன்றிலிருந்து அந்த வகுப்பில் நான் செய்ததெல்லாம் சில்லறை வேலை. மெய்யான வேலை அவருடையதுதான்.

எங்கள் ஆசிரியை றெகுலா புவனா அக்காவின் மகள் வயதுக்காரி. அமைதியான பிள்ளை. உலோகம் அறுக்கும் வாளின் அலகு நூல் மொத்தம்தான் இருக்கும். அதைப் பிடித்து அழுத்தினால் டிக்கென்று முறியும். புவனா அக்கா அழுத்தினார். முறிந்தது. இன்னொன்று, அதுவும் முறிந்தது. அலகுக்கும், அதைச் செய்தவனுக்கும், அவனுடைய பரம்பரைக்கும் தமிழில் ஏச்சு விழுந்தது. றெகுலா பின்னால் வந்து அவருடைய முழங்கையைத் தொட்டு, "லாங்சாம், ஃபிராவ் புவனா, லாங்சாம்" என்றாள். மெதுவாக, மெதுவாக. புவனா அக்கா வாளைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில 'ஷ்னெல், ஷ்னெல்', கெதியா கெதியா எண்டு கேட்டுக் கேட்டுத்தான் டொச் பழகினனான். மெதுவாச் செய் எண்டு இந்த நாட்டில எனக்குச் சொன்ன முதல் ஆள் இவள்தான்" என்றார். அதன் பிறகு றெகுலாவைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

எனாமல் என்பது கண்ணாடித் தூள். அதை உலோகத்தில் பரப்பிச் சூளையில் வைத்தால் உருகி ஒட்டும். வைக்கு முன் தூளை நீர் தெளியும் வரை பல தடவை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் நிறம் கலங்கிவிடும். நாங்கள் மற்றவர்கள் எல்லாரும் அதில் பொறுமையிழந்தோம். புவனா அக்காவுக்கு அது அரிசி களைகிற வேலை. சூளைக்குள் பார்த்து எடுக்கிற பக்குவமும் அவருக்கு வேகமாகப் பிடிபட்டது. முதலில் சீனி கொட்டின மாதிரி, பிறகு தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளிபுள்ளியாக, பிறகு பாகு மாதிரி மினுங்கும். பாகானவுடன் எடுக்க வேண்டும். "இஞ்சையும் பாகுப் பதம்தான். நான் தேவையில்லாமல் பயந்திட்டன்" என்றார்.

சிவப்புத்தான் அவரைப் படுத்தியது. பதக்கத்துக்கு அவர் தேர்ந்தது செவ்வரத்தம்பூ. பழகுவதற்கு வெள்ளித் தகட்டில் சிவப்பு எனாமலைச் சுட்டார். வெளியே வந்தது பழுத்த இலை நிறம். மறுபடியும் சுட்டார், மறுபடியும் அதே மஞ்சளும் மண்ணிறமும். போத்தலில் இரத்தச் சிவப்பாக இருந்த தூள் வெள்ளியில் பட்டதும் ஏன் இப்படிப் போகிறது என்று றெகுலாவிடம் சண்டைக்குப் போகாத குறை. வெள்ளி சிவப்போடு ஒத்துப்போகாது, அடியில் நிறமற்ற எனாமல் ஒரு படை போட்டால் ஓரளவு வரும், தங்கத்தில் என்றால் நன்றாக வரும் என்று அவள் விளக்கினாள். "ஓரளவு வேண்டாம். தங்கத்தில செய்வம்" என்றார் புவனா அக்கா. வீட்டில் தன்னுடைய காப்புகள் கிடக்கின்றன, உருக்கலாம் என்றார்.

இப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வகுப்பில் பொன்னுருக்கல் நடந்தது. பொன்னுருக்கல் என்றால் மாப்பிள்ளை வீட்டில், நாள் பார்த்து, நேரம் பார்த்து, தாலிக்குப் பொன் உருக்குவது. துணையிழந்தவர்கள் அந்த நேரத்தில் குசினிப் பக்கம் ஒதுங்கிவிடுவோம். செவ்வாயில் நல்ல காரியம் செய்யமாட்டோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் வகுப்பு செவ்வாயில்தான். பொன் உருக்குகிற கிண்ணமான மூசையில் காப்புத் துண்டுகளைப் போட்டு, றெகுலா ஊதுகுழலைக் கையில் கொடுத்தாள். பொன் இளகி, நடுங்கி, ஒரு உருண்டையாகச் சேர்ந்தபோது புவனா அக்கா சொன்னார்: "பாத்தீரோ, செவ்வாய்க்கிழமை எண்டு பொன்னுக்குத் தெரியேல்லை. நான் ஆர் எண்டும் தெரியேல்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். 

தகடு அடித்து, இதழ்களுக்குப் பள்ளம் வெட்டி, எனாமல் பரப்பிச் சுட்டோம். சிவப்பு என்றால் அப்படியொரு சிவப்பு. ஆனால் ஆறும்போது பூவின் நடுவில் எனாமல் பொருக்காகக் கழன்று விழுந்தது. சுரண்டிவிட்டு அடுத்த கிழமை மறுபடியும் சுட்டார். மறுபடியும் அதே இடம். றெகுலா சூளையின் சூட்டைச் சரிபார்த்தாள், புதுத் தூள் எடுத்துக் கொடுத்தாள். பயனில்லை. கலியாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. 

என் தொழிலிலும் உலோகத்தின் மேல் பீங்கான் சுடுகிறோம். விரல் பட்ட எண்ணெய்ப் பசை இருந்தாலே ஒட்டாது. அடுத்த தடவை அவர் பதக்கத்தைப் பையிலிருந்து எடுத்தபோது வாங்கி மணந்து பார்த்தேன். சந்தனம் மணத்தது.

"அக்கா, இதுக்குப் பொட்டு வைச்சனீங்களோ?"

"வைக்காமல்? கலியாணப் பொருள். ஒவ்வொரு கிழமையும் சாமிக்கு முன்னால வைச்சு, சந்தனம் குங்குமம் வைச்சுத்தான் கொண்டு வாறனான்."

"பிறகு கழுவினனீங்களோ?"

"துடைச்சனான். சாமிக்கு வைச்சதைப் பிறஸ் போட்டு உரஞ்சச் சொல்லுறீரோ?"

அதுதான் விசயம். வெட்டின பள்ளத்துக்குள் சந்தனமும் குங்குமமும் பசையாக இறங்கியிருந்தன. சொன்னதும் தலையில் கைவைத்தார். கழுவவும் மனமில்லை, பொட்டு வைக்காமல் விடவும் மனமில்லை.  பிறகு பதக்கத்தை என்னிடம் தந்து, "நீர் கழுவும், நான் பாக்கமாட்டன்" என்றார். நான் குழாயடியில் நின்று உரஞ்சு உரஞ்சென்று உரஞ்ச, அவர் கைப்பையிலிருந்து சிமிழை எடுத்துச் சூளையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். றெகுலா ஓடிவந்து இது என்ன என்று கேட்டாள். "பெவிலிகுங்" என்றார் புவனா அக்கா. அனுமதிப் பத்திரம். "இந்த நாட்டில அது இல்லாமல் ஒண்டும் நடவாது தானே, சூளைக்கும் குடுத்திருக்கிறன்." றெகுலா சிரித்துவிட்டு அதை அழிக்காமல் விட்டாள். அன்றைக்கு எனாமல் ஒட்டியது.

கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஜெனீவாவில் இருக்கிற அவருடைய மச்சாள், கணவரின் மூத்த அக்கா, தொலைபேசி எடுத்திருக்கிறார். வகுப்பில் பதக்கத்தை மினுக்கிக்கொண்டே புவனா அக்கா எனக்குச் சொன்னார். "ஆசைக்குச் செய்தது சரியாம். ஆனால் தாலி கட்டேக்க பிள்ளையின்ர கழுத்தில என்ர கைபட்டது வேண்டாமாம். பின்னேரம் வரவேற்புக்குப் போடட்டாம்."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல? அவவும் பிள்ளை நல்லா இருக்க வேணும் எண்டுதான் சொல்லுறா." மினுக்குவதை நிறுத்தினார். "ஆனால் நான் இதை வரவேற்புக்குச் செய்யேல்லை."

ஆரணியிடம் அவர் இதைப் பற்றி மூச்சும் விடவில்லை. பதக்கத்தைக் கொடுத்து, விருப்பமென்றால் போடு என்று மட்டும் சொன்னாராம்.

கலியாணத்தன்று கூறைச்சேலை மாற்ற ஆரணி உள்ளே வந்தபோது சேலைக்கு ஊசி குத்துகிற வேலை எனக்கு. அந்த அறைக்குள்ளும் நான் நிற்கக்கூடாதுதான், ஆனால் மடிப்புப் பிடிக்க என்னைவிட்டால் ஆள் இல்லை. ஆரணி பதக்கத்தைக் கையில் எடுத்தாள். மச்சாள் அதை மெதுவாக வாங்கி, "இது பின்னேரத்துக்கு, செல்லம்" என்றார்.

"ஏன் மாமி?"

"பின்னேரத்துக்கு நல்லா இருக்கும்."

ஆரணி இங்கே பிறந்து வளர்ந்தவள், ஆனால் மடைச்சி இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அம்மா எங்க?"

"அவ வெளியில நிக்கிறா. நிக்கட்டும்."

"அப்ப நானும் வெளியில போறன்" என்றாள். பதக்கத்தை மச்சாளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பாதி குத்தின சேலையோடு, தலைப்பு நிலத்தில் இழுபட, கதவைத் திறந்து போய்விட்டாள். ஊசிப் பெட்டியோடு நான் பின்னால் ஓடினேன். நடைவழியில் சாப்பாட்டுச் சட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். புவனா அக்கா சுவரோடு சாய்ந்து நின்றார். ஆரணி அவருக்கு முதுகைக் காட்டி நின்று, "போட்டு விடுங்கோ அம்மா" என்றாள்.

புவனா அக்கா எங்களுக்குப் பின்னால் வந்துநின்ற மச்சாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பதக்கம் கோத்த சங்கிலியை வாங்கினார். கொக்கி மாட்டுப்படவில்லை. "தலையைக் குனி. ஆடாத. பூ திரும்பிப் போச்சு, பொறு" என்று ஏசிக்கொண்டே மாட்டினார். தாலி ஏறும்போது அவர் பின்வரிசையில்தான் நின்றார். முன்னுக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன், வரமாட்டேன் என்றார். "என்ர அலுவல் முடிஞ்சுது பிள்ளை." அந்த மண்டபத்தில் அவரைப் போல நிறைவாக நின்ற ஒரு மனுசியை நான் காணவில்லை.

தகனத்தன்று ஆரணி வெள்ளைச் சேலையில் அந்தச் சிவப்புப் பூவை அணிந்து வந்தாள். செத்தவீட்டுக்குச் சிவப்பா என்று யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.  மச்சாள் ஆரணியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். றெகுலாவும் வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் என்ன வைத்திருக்கிறேன் என்று இந்த நாட்களில் யோசித்தேன். பொருளாக ஒன்றும் இல்லை. ஆனால் வருகிற ஆவணியில் என் மகனுக்குக் கலியாணம். நாங்கள் மாப்பிள்ளை வீடு, ஆகவே பொன்னுருக்கல் எங்கள் வீட்டில். தங்கக் காசைத் தட்டத்தில் வைத்து, பொன் உருக்குகிற ஆசாரியாரிடம் கொடுக்க என் தங்கையையும் அவளுடைய கணவரையும் எப்போதோ ஒழுங்குபண்ணியிருந்தோம். நானே சரி என்று சொன்ன ஒழுங்கு அது. போன கிழமை தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். "நீங்கள் ரெண்டுபேரும் வாங்கோ, வடிவா உடுத்துக்கொண்டு வாங்கோ, எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ" என்றேன். "தங்கக் காசை நான் குடுக்கிறன்."