மேனேஜரம்மாவைத் தூக்கிய கதை

நகராட்சித் தாள்களில் எனக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. தெருவில் என் பெயர் நாய்பிடிக்கிறவன். தெருநாய்களைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் கருத்தடை செய்து, காது நுனியை நறுக்கி அடையாளம் வைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப விடுகிற வண்டியில் வலை வீசுவது என் வேலை. நாய் படாத பாடு படுகிறேன் என்று வீட்டில் புலம்பினால், அந்த நாய்கள் படும் பாட்டை விடவா என்பாள் மனைவி. அதற்கு மேல் எங்கே புலம்புவது?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மச்சினன் வருவான். வானத்துக்குக் கீழே இருக்கிற எதுவும் அவனுக்குப் பிடிபடாது. மேலே இருப்பதெல்லாம் அத்துப்படி. ஒரு ஞாயிறு புதுக் கதை ஒன்று சொன்னான். எங்கோ ஒருவனை வேற்றுக்கிரகவாசிகள் வண்டியில் தூக்கிப்போட்டு, மேஜையில் கிடத்தி, உடம்பில் என்னமோ செய்து, ஒரு தழும்போடு பழைய இடத்திலேயே இறக்கிவிட்டார்களாம். ஊரே அவனைப் பார்த்துச் சிரித்ததாம். நம்மை ஏதாவது செய்துவிடுவார்களா என்று கேட்டேன்.

"அவ்வளவு தூரம் வர்ற அறிவு இருந்தா, கருணையும் இருக்கும் மாமா."

நானும் மென்றுகொண்டே தலையாட்டினேன். என் மண்டையில் அப்போது எதுவும் உறைக்கவில்லை. அது அப்படிப்பட்ட மண்டை.

மறுநாள் எங்கள் தெருவின் முறை. தையல்கடை வாசலில் உட்கார்ந்து, எந்த வேலையும் செய்யாமல், போகிற வருகிறவர்களை மேற்பார்வை பார்க்கும் பழுப்பு நாய்க்கு நாங்கள் வைத்த பெயர் மேனேஜரம்மா. என்னைக் கண்டு வாலாட்டும் நாய் ஊரிலேயே அது ஒன்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பிடித்துக்கொண்டு போன பிறகு அது மறுபடி என்னிடம் வருமா, அதுதான் என் கவலை. பிடிக்கிற வேலையை வண்டி டிரைவரிடம் விடலாமென்றால், மிரண்டு ஓடி ஏதாவது காரில் அடிபடும். நானே கூப்பிட்டேன். வாலாட்டிக்கொண்டே வந்தது. வலையே தேவைப்படவில்லை. அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

கூண்டுக் கம்பி வழியாக என்னையே பார்த்தது. "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றேன். அதற்கு என் பாஷை தெரியாது. அப்போதுதான் உறைத்தது: வண்டி, மேஜை, தழும்பு, பழைய இடம். வருவார்களா வருவார்களா என்று வருஷக்கணக்கில் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேனே, வந்தவனே நான்தான். பட்டன் போன காக்கிச் சட்டையும் தொப்பையுமாக.

காயம் ஆறியதும் தையல்கடை வாசலில் இறக்கிவிட்டேன். நின்றிருந்த காருக்கு அடியில் ஓடி ஒளிந்தது. குனிந்து கூப்பிட்டால் உறுமியது. வீட்டுக்கு வந்து அழுதேன், மறைப்பானேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று சொல்லிவிட்டு மனைவி டீ போடப் போனாள்.

அடுத்த ஞாயிறு மச்சினன் மறுபடியும் கருணையை ஆரம்பித்தான். அவனை வாசலுக்கு இழுத்து வந்து, தையல்கடை வாசலைக் காட்டி, மேனேஜரம்மாவைக் கேள் என்றேன். என்னைக் கண்டதும் அது தொண்டை வறளக் குரைத்தது. சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெரு இளவட்ட நாய்கள் ஓடிவந்தன. அதைப் பார்த்தன, என்னைப் பார்த்தன, என் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தன. எல்லாம் வாலாட்டின.

"பாவம், நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லுது," என்றாள் மனைவி. "ஒருத்தரும் நம்பல."

நான் பிஸ்கட்டை உடைத்துப் போட்டேன். பக்கத்துத் தெருவின் முறை அடுத்த வாரம்.