டோக்கன் இல்லாத செருப்பு

அடி அண்ணாமலைக் கோயில் பக்கத்தில் ராஜம்மாள் செருப்புக் காவலுக்கு உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. தகரக் கொட்டகை, மூன்றடுக்குப் பலகை, ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் டோக்கன். ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு டோக்கன் உண்டு. ஒன்றை நூலில் கோத்துச் செருப்பில் கட்டுவாள், மற்றதை ஆளிடம் கொடுப்பாள். திரும்பி வருகிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் டோக்கனைப் பார்க்காமல் செருப்பை எடுத்துத் தரமாட்டாள்.

"மூஞ்சிய பாத்து குடுத்தா, நல்ல மூஞ்சி இருக்கிறவனுக்குத்தான் நல்ல செருப்பு போவும்" என்பாள்.

அவள் புருஷன் இளவரசன் முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறவன். கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டுகிறான். ஆறு மாதமாக ஒரு தொலைக்காட்சித் தொடர் அவனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சவாரி இல்லாத நேரமெல்லாம் போனில் அதுதான்.

தொடரின் நாயகன் இருளப்பன், கோர்ட்டில் டைப்பிஸ்ட். சட்டம் விட்டுவிட்ட குற்றவாளிகளை அவன் விடமாட்டான். பிடித்துவந்து, அவர்கள் செய்த தப்பின் அடையாளத்தைக் கழுத்தில் மாட்டி முச்சந்தியில் நிறுத்துவான். கலப்பட வியாபாரி கழுத்தில் எண்ணெய் டின், மணல் திருடன் கழுத்தில் மண் சட்டி. அதோடு முடிந்தால் வெறும் அடிதடிக் கதை என்று சொல்லிவிடுவார்களே! ஆகவே ஒவ்வொரு வாரக் கடைசியிலும் கண்ணாடி முன் நின்று, "நான் நல்லவனா, கெட்டவனா?" என்று கேட்டு அழுவான். அந்த அழுகைக்கென்றே ஒரு புல்லாங்குழல் வைத்திருந்தார்கள்.

சாப்பிடும்போது ராஜம்மாளும் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"மொத சீன்லயே அவன் மண்ணு திருடறத நமக்கு காட்டிட்டானுங்க. அப்புறம் இவன் கண்டுபுடிக்கிறதுல இன்னாயா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உனக்கெல்லாம் டீப்பா புரியாதுடி. அவன் நல்லவனா கெட்டவனான்னு சொல்லவே முடியாது. அதுதான் அதுல பவரே."

இருளப்பன் எத்தனை வாரம் அழுதாலும் ஒரு கேள்வி மட்டும் அவனுக்கு வந்ததே இல்லை: பிடித்தது சரியான ஆளைத்தானா? அடி கொஞ்சம் ஜாஸ்தியோ என்பதோடு அவன் மனசாட்சி நின்றுவிடும். ஆளைப் பற்றிய சந்தேகத்தை இயக்குநர் முதல் காட்சியிலேயே தீர்த்து வைத்திருப்பார். அவ்வளவு சௌகரியமான மனசாட்சி வேறு யாருக்கு வாய்க்கும்?

ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, வேனில் வந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் தனியாகப் பிரிந்து கொட்டகைக்கு வந்தாள். முந்தானைக்குள் ஒரு ஜோடி பழுப்புத் தோல் செருப்பு. புதுசு, விலைச் சீட்டுகூட உரியவில்லை.

"அக்கா, எங்க வூட்டுக்காரருக்கு ஏழரை நடக்குது. அவர் போட்ட செருப்ப கோயில் பக்கமா வுட்டுட்டு திரும்பிப் பாக்காம போவணுமாம். அவருக்கே தெரியக்கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. வாசல்ல கழட்டிப் போட்டுட்டு உள்ள சாமி கும்புட்டுகினு இருக்காரு. எங்க வுடலாம்?"

செருப்போடு சனியும் கழன்று போகும் என்பது நம்பிக்கை. ராஜம்மாளுக்கு இது மாதம் பத்துப் பேர் கேட்கிற கேள்விதான்.

"தோ, அந்த புங்க மரத்தடி. எல்லாரும் அங்கதான் வுடுவாங்க" என்று கைகாட்டிவிட்டு, அவள் போன பிறகு வந்த இளவரசனிடம் கொட்டகையை ஒப்படைத்து, கூழ் குடிக்க வீட்டுக்குப் போனாள்.

புங்க மரத்தடிச் செருப்புகளை ஊரில் யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் சனி கூடவே வருமாம். மண்ணாங்கட்டி என்ற பெரியவர் மட்டும் தொடுவார். முட்டி தேயும்வரை சித்தாள் வேலை பார்த்தவர். அந்தச் செருப்புகளைப் பொறுக்கித் தைத்து, கட்டட வேலைக்காரர்களிடம் கொடுப்பார். "சனி நம்ம வூட்டுக்கு வந்தா எங்க குந்தும்? எனக்கே எடமில்ல" என்று சிரிப்பார். அடுத்த திங்கள்கிழமை முதல் அவருக்கு வேங்கிக்காலில் புதிதாகக் கட்டும் ஒரு குடியிருப்பில் காவல் வேலை. உட்கார்ந்து பார்க்கிற வேலை, முட்டிக்கு ஓய்வு. ஒரு மாதமாக அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராஜம்மாள் திரும்பி வந்தபோது கொட்டகை முன்னால் கூட்டம். நடுவில் மண்ணாங்கட்டி. கழுத்தில் கயிறு கட்டி அந்தப் பழுப்புச் செருப்புகள் தொங்கின. எதிரில் இளவரசன் போனைப் பிடித்துக்கொண்டு, அடித்தொண்டையில், "திருடுனத ஒத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அது அவன் குரல் இல்லை, இருளப்பன் குரல்.

"செருப்ப காணோம்னு அந்தாளு கத்துனான். இவரு கோணில இருந்துச்சு. இளவரசன் அமுக்கிட்டான்" என்றாள் பூக்கடை சரோஜா.

"அந்தாளு பொண்டாட்டி ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னாளே. திருடன் கை பட்ட செருப்பு நமக்கு வேணாங்க, வாங்கன்னு வேன்ல ஏத்திக்கினு பூட்டா."

திரும்பிப் பார்க்காமல்தான் போயிருப்பாள். பரிகாரம் பழுதில்லாமல் முடிந்தது.

ராஜம்மாள் கூட்டத்தைப் பிளந்து போய்க் கயிற்றை அவிழ்த்தாள். மண்ணாங்கட்டி கழுத்தைத் துடைத்துக்கொண்டு கோணியைத் தேடினார்.

"யோவ், அந்தம்மா வேணும்னே வுட்ட செருப்புய்யா இது. எங்க வுடணும்னு சொன்னதே நான்தான்."

"எனக்கு இன்னா தெரியும்? அவரு கோணில இருந்துச்சு."

"பத்து வருஷமா அவரு கோணில அதாய்யா இருக்குது! கேட்டியா அவர?"

"கேட்டேன். முழிச்சாரு."

"கேமராவ மூஞ்சில வச்சா நீ முழிக்கமாட்டியா?"

இளவரசன் போனைப் பைக்குள் போட்டான். அதற்குள் படம், 'அடி அண்ணாமலை இருளப்பன்' என்ற தலைப்போடு ஆட்டோக்காரர் குழுவுக்குப் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் போனது.

வீட்டில் அவள் விடவில்லை. "நாளைக்கு வேங்கிக்காலுக்கு வந்து அவருக்கு வேல குடுத்த மேஸ்திரிகிட்ட சொல்லு. தப்பா புடிச்சிட்டேன்னு உன் வாயால சொல்லு."

"அதான் டெலிட் பண்ணிட்டேன்ல? இருளப்பனும்தான் ஒருவாட்டி ஜாஸ்தியா அடிச்சிட்டான். மனுஷன்னா ரெண்டும் கலந்துதான் இருப்பான். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் கீது."

"உன் கஷ்டத்துக்கு புல்லாங்குழல் வாசிக்க ஆளு வரும், குந்திக்கினு இரு."

மறுநாள் அவள் மட்டும் மண்ணாங்கட்டியோடு பஸ் ஏறி வேங்கிக்கால் போனாள். மேஸ்திரி பொறுமையாகத்தான் கேட்டார். மரத்தையும் பரிகாரத்தையும் பற்றிச் சொல்லி முடித்ததும் தலையாட்டினார்.

"நீங்க சொல்றத நான் நம்புறேம்மா. ஆனா வீடியோ பாத்த ஓனருங்களுக்கெல்லாம் இந்தக் கதைய நான் சொல்லிக்கினு இருக்க முடியுமா? வேற ஆள போட்டாச்சு."

திரும்பும் பஸ்ஸில் மண்ணாங்கட்டி ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தம்மா ஏன் ராஜம்மா என் மூஞ்சிய பாக்கவேயில்ல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மரத்தைக் கைகாட்டிய கை மடியில் கிடந்தது.

அடுத்த பௌர்ணமி கழிந்த காலையில் மண்ணாங்கட்டி வந்தார். கோணியைக் கொட்டகை முன் கவிழ்த்தார். ஏழு ஜோடி.

"இதுக்கெல்லாம் டோக்கன் கட்டிடு ராஜம்மா. யாராவது கேட்டா காட்டுறேன்."

பிறர் வேண்டாமென்று விட்டுப்போனதைப் பொறுக்க ஒரு மனிதனுக்கு அத்தாட்சி வேண்டியிருந்தது. அவள் ஒவ்வொரு ஜோடியிலும் நூலைக் கோத்து டோக்கன் கட்டினாள். அந்த எண்களின் மறு டோக்கன்களைத் தன் டப்பாவிலேயே தனியாகப் போட்டு மூடினாள். யார் கேட்டாலும் இனி அவளிடம்தான் வரவேண்டும்.

அவர் போன பிறகு இளவரசன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான். கோயிலுக்குள் போகச் செருப்பைப் பலகையோரம் கழற்றிப் போட்டான். கையில் போன், தொடரின் அடுத்த பாகம் தொடங்கியிருந்தது. ராஜம்மாள் அவன் செருப்பில் ஒரு டோக்கனைக் கட்டி, மறு டோக்கனை அவனிடம் நீட்டினாள்.

"எனக்கே டோக்கனா?"

"மூஞ்சிய பாத்து குடுக்கிறதில்ல."

வாங்கிக்கொண்டான். போனில் இருளப்பன் கண்ணாடி முன் போய் நின்றான், புல்லாங்குழல் கிளம்பியது.

"சவுண்ட கம்மி பண்ணு" என்றாள் அவள், அடுத்த ஆளின் செருப்பைக் குனிந்து எடுத்தபடி.