நாலாவது கால்

நான்கு கால் உள்ள பொருள் ஆடாமல் நிற்கும் என்பது படித்தவர்களிடையேகூடப் பரவிக்கிடக்கும் ஒரு மூடநம்பிக்கை. கணக்கு வாத்தியார் என்ற முறையில் இதைத் திருத்துவது என் கடமை. எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையும். நாலாவது புள்ளி அங்கே வந்து சேர்ந்தாக வேண்டும் என்று வடிவியலில் எந்தக் கட்டாயமும் இல்லை. கைக்கருவிகளால் மரவேலை செய்வது என்பது, அந்த நாலாவது காலிடம் சமாதானம் பேசும் தொழில்.

யாரோ ஒரு ஜப்பானியர் சத்தமில்லாமல் மரம் சீவும் வீடியோவைப் பார்த்துவிட்டு மறுநாளே உளி வாங்கக் கிளம்பிய சக நோயாளிகளே, மீதி உங்களுக்குத் தெரியும்.

ஒரு கை மட்டும்

உளி கூராகிவிட்டதா என்று அறிய, கை முடியை மழித்துப் பார்க்க வேண்டுமாம். நான் வலக்கைக்காரன், ஆகவே ஆராய்ச்சி முழுவதும் இடக்கையில் நடந்தது. கூரான பிறகும் தீட்டுகிற ஆசை விடவில்லை. விரைவிலேயே என் இடக்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பளபளத்தது. வலக்கை பழையபடி கரடி.

ஸ்டாஃப் ரூமில் பி.டி. வாத்தியார் என் இரண்டு கைகளையும் மேசைமேல் சேர்த்து வைக்கச் சொல்லி, நிதானமாகப் பார்த்தார்.

"அந்தக் கைக்கு சோப்பு தீந்து போச்சா சாரே?"

ஸ்கூட்டர் நின்ற இடம்

பலகையை இறுக்கிப் பிடிக்க ஒரு வேலைமேசை தேவைப்பட்டது. போர்டிகோவில் போட்டேன். அங்கே அதுவரை என் மனைவி கிரேஸின் ஸ்கூட்டர் நின்றது. மழையில் நனைந்த சீட்டில் உட்கார்ந்து டீச்சர் வேலைக்குப் போய்வந்த அன்றே அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். நான் செய்யும் முதல் பொருள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகைக்குப் போக வேண்டும். முதல் வாழைக்குலையையும் முதல் கோழியையும் ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டு, அவற்றை நாங்களே ஏலத்தில் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். சொந்தக்காரர் அல்லாத யாராவது என் பொருளை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், கருவிகள் போர்டிகோவில் இருக்கலாம்.

"ஒருத்தரும் எடுக்கலன்னா அம்புட்டையும் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திருவேன், பாத்துக்கிடுங்க."

இழைக்காத பலகை

ஸ்டூல் செய்வதென்று முடிவுசெய்து, திருவட்டாறு பக்கம் ஒரு மரமில்லுக்குப் போய் அயனிப் பலகை கேட்டேன். மிஷினில் போட்டு வழுவழுவென்று இழைத்துத் தருவதாக மில்காரர் சொன்னார். அறுத்தபடியே வேண்டும், இழைப்புளியால் நானே சீவிக்கொள்வேன் என்றேன். அதற்குத் தனியாகக் காசு இல்லை என்றார். காசுக்காக அல்ல என்று விளக்கினேன். கருவிக்கும் கைக்கும் உள்ள உறவைப் பற்றியும் கொஞ்சம் பேசினேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல கரண்ட கட் பண்ணிட்டாவளா சாரே?"

மட்டம்

ஸ்டூல் ஆடியது. நீளமான காலில் கொஞ்சம் அறுத்தேன். உடனே எதிர்க்கால் நீளமாகிவிட்டது. அதையும் அறுத்தேன். மற்ற இரண்டும் மனத்தாங்கல் அடைந்தன. இப்படி நான்கு காலுக்கும் பாரபட்சமில்லாமல் நீதி வழங்கி முடித்தபோது, அது ஸ்டூலாக இல்லை. தரையோடு ஒட்டி உட்காருகிற சிறு ஆசனத்தை எங்கள் ஊரில் குரண்டி என்போம். அதுவாகியிருந்தது. அப்போதும் லேசாக ஆடியது.

கிரேஸ் வந்து பார்த்தாள். அவள் சொன்ன சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு: சமநிலை என்றும், தரக்குறைவு என்றும். தச்சுத்தொழில் சார்ந்த இடம் என்பதால் முதல் பொருளையே கொள்ள வேண்டும் என்று நான் வாதிட்டேன். அவள் தன் சொல்லை ஓரெழுத்தும் மாற்றவில்லை.

"மட்டமாட்டுதான் இருக்கு."

ஏலம்

ஏலம் விட்டவர் குரண்டியைத் தூக்கிக் காட்டினார். சபை அமைதியாக இருந்தது. ஜெபத்தின்போதுகூட அவ்வளவு அமைதி கிடையாது. பின்வரிசையில் கிரேஸ் என்னைப் பார்ப்பது கழுத்தில் தெரிந்தது. அவர் இரண்டாம் முறை கேட்டார். பிறகு குரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்ததாக இருந்த கோழியை எடுத்தார். அது படபடவென்று அடித்துக்கொள்ளவே, அதன் கயிற்றைக் குரண்டியின் காலில் கட்டினார். கோழி குரண்டிமேல் ஏறி நின்றது. ஏலக்காரருக்கு அப்போது ஞானம் பிறந்தது: இரண்டும் ஒரே ஏலம் என்று அறிவித்தார்.

கொட்டாரம் பக்கம் வாழைக்குலை வியாபாரம் செய்யும் தங்கராஜ் அண்ணன் விடாமல் கேட்டு எடுத்தார். எங்களுக்கு அவர் எந்த வகையிலும் சொந்தமில்லை. கோழி கக்கத்திலும் குரண்டி கையிலுமாக அவர் வெளியே வந்தபோது, கிரேஸ் வழிமறித்து, எதற்காக ஏலம் கேட்டீர்கள் என்று விசாரித்தாள்.

"கோழிக்காக்கும் கேட்டேன் டீச்சரே, குரண்டி அதுக்க கூட வந்தது."

எதற்காக எடுக்க வேண்டும் என்று தீர்ப்பில் ஒரு வார்த்தையும் இல்லை என்று வீடு வரும்வரை எடுத்துச்சொன்னேன். கருவிகள் போர்டிகோவிலேயே தங்கின.

மறுநாள் காலை குரண்டி எங்கள் கேட்டுக்கு வெளியே இருந்தது, கோழி இல்லாமல். கிரேஸ் இப்போது அதன் ஒரு காலுக்கடியில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு வைத்து, அதில் ஏறி நின்றுதான் ஸ்கூட்டருக்கு மேலே தார்ப்பாய் கட்டுகிறாள்.